ஈறுல ரத்தம் வந்தா பிரஷ்ஷை கீழ வைக்காதீங்க

பல் தேய்ச்சு துப்பும்போது வாஷ்பேசின்ல சிவப்பா ஒரு கோடு ஓடுதுன்னா நம்மள்ல நிறைய பேர் செய்யறது ரெண்டே விஷயம்தான், ஒண்ணு கண்டுக்காம தண்ணிய திறந்து விட்டுடுவோம், இல்லன்னா அழுத்தி தேய்ச்சுட்டோம் போலன்னு நெனச்சு மறுநாள்ல இருந்து அந்த பக்கம் பிரஷ்ஷே கொண்டு போக மாட்டோம். நான் ரெண்டாவதை செஞ்சேன். கீழ் வரிசை முன்பல்லுக்கு உள்பக்கம் ரத்தம் வரும், அந்த இடத்தை மட்டும் விட்டுட்டு மத்த இடமெல்லாம் நல்லா தேய்ப்பேன், ஆறேழு வருஷம் இப்படியே ஓடுச்சு, ஒரு நாள் கூட வலிச்சதில்ல. அப்பறம் ஒரு நாள் நாக்கால தள்ளும்போது ஒரு பல் லேசா அசையற மாதிரி இருந்துச்சு, போய் எக்ஸ்ரே எடுத்து பாத்தா அந்த நாலு பல்லை சுத்தி இருக்கற எலும்பு மூணுல ஒரு பங்கு கரைஞ்சு போயிருக்கு. கரைஞ்சது திரும்ப வரல. ஆனா அதுக்கப்பறம் செஞ்ச வைத்தியத்துல மிச்சம் இருந்ததை காப்பாத்திட்டாங்க, அந்த நாலு பல்லும் இன்னிக்கும் என் வாயில இருக்கு. அந்த ஆறேழு வருஷத்துல யாராவது ஒருத்தர் உக்கார வெச்சு இதை விளக்கியிருந்தா நல்லா இருந்திருக்கும்னு நெனப்பேன், அதான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

மொதல்ல ஈறுக்குள்ள என்ன நடக்குதுன்னு புரிஞ்சுக்கணும், அது புரிஞ்சா மத்ததெல்லாம் தானா புரியும். பல் எலும்புல ஆணி அடிச்ச மாதிரி நேரா நிக்கறது இல்ல, பல்லோட வேருக்கும் எலும்புக்கும் நடுவுல நார் நாரா மெல்லிசா ஒரு திசு இருக்கு, அதுதான் ரெண்டையும் கட்டி பிடிச்சிருக்கு. மேல ஈறு சட்டை காலர் மாதிரி பல்லை சுத்தி நிக்குது. அந்த காலருக்கும் பல்லுக்கும் நடுவுல சின்னதா ஒரு பள்ளம் எல்லாருக்கும் உண்டு, நல்ல ஈறுல அது 1ல இருந்து 3 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். வெள்ளையா கொழகொழன்னு நகத்தால சுரண்டினா வருமே, பிளேக், அது இந்த பள்ளத்து ஓரத்துலதான் வந்து ஒட்டும். சாப்பாட்டு மிச்சம்னுதான் பலரும் நெனக்கறாங்க, ஆனா அது பாக்டீரியாக்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி பசை மாதிரி ஒரு பொருளை சுரந்து அதுக்குள்ள குடி இருக்கற ஒரு கூட்டம். அதனால சும்மா தண்ணி கொப்பளிச்சா போகாது, எதையாவது வெச்சு தேய்ச்சு கலைச்சாதான் போகும். இந்த ஒரு விஷயத்தை மனசுல வெச்சுக்கோங்க, கீழ மவுத்வாஷ் பத்தி, மாத்திரை பத்தி சொல்லும்போது திரும்ப வரும்.

அந்த பிளேக்கை ஒரு நாள் ரெண்டு நாள் விட்டாலே எச்சில்ல இருக்கற கால்சியமும் பாஸ்பேட்டும் அதுக்குள்ள எறங்க ஆரம்பிச்சு கெட்டியாகிடும், அதுதான் காரை. காரை ஆயிடுச்சுன்னா எந்த பிரஷ்ஷுக்கும் எந்த பேஸ்ட்டுக்கும் அசையாது. கீழ் முன்பல்லுக்கு உள்பக்கமும் மேல் கடைவாய்ப்பல்லுக்கு கன்னத்துப் பக்கமும் காரை அதிகமா படியறதுக்கு காரணம் எச்சில் சுரப்பியோட வாய் அந்த ரெண்டு இடத்துலதான் திறக்குது. காரை வந்து சொரசொரன்னு இருக்கும், அதுக்கு மேல புதுசா பிளேக் ஒட்டறது இன்னும் சுலபம், இப்படியே அடுக்கு மேல அடுக்கா ஈறுக்கு அடியில எறங்கும்.

இதுக்கு ஈறு என்ன பண்ணும்னா, பக்கத்துல கிருமி கூட்டம் இருக்குன்னு தெரிஞ்சு அங்க ரத்த ஓட்டத்தை கூட்டும், அதான் சிவக்குது, வீங்குது, தொட்டா ரத்தம் வருது. இது மொதல் கட்டம், ஜிஞ்சிவைட்டிஸ், தமிழ்ல ஈறு அழற்சின்னு சொல்லலாம். 1965ல டென்மார்க்ல ஆர்ஹஸ் நகரத்துல ஹரால்ட் லோ அப்படிங்கறவரும் அவரோட ஆளுங்களும் ஒரு சோதனை பண்ணாங்க, ஈறு நல்லா இருக்கற 12 பேரை பல் தேய்க்கறதை சுத்தமா நிறுத்த சொன்னாங்க. 10 நாள்ல இருந்து 21 நாளுக்குள்ள 12 பேருக்கும் ஈறு வீங்கி ரத்தம் வர ஆரம்பிச்சுது, ஒருத்தர் கூட தப்பல. திரும்ப தேய்க்க ஆரம்பிச்சதும் ஒரு வாரம் பக்கத்துலயே ஈறு பழையபடி ஆயிடுச்சு. மாத்திரை இல்ல ஊசி இல்ல, வெறும் சுத்தம்தான். எனக்கு இதை படிச்சப்ப ரொம்ப வேதனையா இருந்துச்சு, ஏன்னா ஒரு வாரத்துல சரி பண்ணியிருக்க வேண்டியதை நான் வருஷக்கணக்கா விட்டிருக்கேன்.

விட்டா என்ன ஆகும்னா ரெண்டாவது கட்டம், பெரியோடான்டைட்டிஸ். ஈறு பல்லை விட்டு உரிஞ்சு அந்த பள்ளம் 4, 5, 6 மில்லிமீட்டர்னு ஆழமாகும், இதைத்தான் பாக்கெட்டுன்னு சொல்றாங்க. அவ்ளோ ஆழத்துல காத்து போகாது, காத்து இல்லாத இடத்துல வாழற மோசமான கிருமிங்களுக்கு அது நல்ல வசதி, போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் அப்படின்னு ஒண்ணு ரொம்ப பேர் போனது. அதுங்களோட நம்ம உடம்பு போடற சண்டையிலதான் அந்த நாரும் எலும்பும் கரையுது, அதாவது எலும்பை கிருமி நேரா கடிச்சு தின்னறதை விட நம்ம உடம்போட கோபம்தான் அதை அதிகமா அழிக்குது. அதனாலதான் ஆளுக்கு ஆள் இவ்ளோ வித்தியாசம். இதே லோ குழு இலங்கையில பல் தேய்க்கற வசதியோ பல் வைத்தியமோ இல்லாத 480 தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களை 15 வருஷம் பின்தொடர்ந்து பாத்து 1986ல எழுதினாங்க. அதுல 8 சதவீதம் பேருக்கு ரொம்ப வேகமா பல்லு போச்சு, 81 சதவீதம் பேருக்கு மெதுவா மோசமாச்சு, மீதி 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்தை தாண்டி எதுவுமே ஆகல. எல்லாருக்கும் வாய்ல அதே காரை, அதே அழுக்குதான். "எங்க தாத்தா பல்லே தேய்க்காம 80 வயசு வரைக்கும் முப்பத்திரண்டு பல்லோட இருந்தார்"னு யாராவது சொன்னா அவர் அந்த 11 சதவீதத்துல ஒருத்தரா இருந்திருக்கலாம், நீங்க அந்த 8ல இருக்கீங்களா 81ல இருக்கீங்களான்னு முன்னாடியே சொல்ல ஆள் இல்ல.

உங்களுக்கு மட்டும்தான் இதுன்னு வெக்கப்படவும் வேண்டாம், உலக சுகாதார நிறுவனம் 2022ல வெளியிட்ட அறிக்கைப்படி தீவிரமான ஈறு நோய் இருக்கறவங்க உலகத்துல 100 கோடிக்கும் மேல.

சரி, நமக்கு இருக்கான்னு எப்படி பாக்கறது. நல்ல வெளிச்சத்துல கண்ணாடி முன்னாடி நின்னு உதட்டை தூக்கி பாருங்க. ரெண்டு பல்லுக்கு நடுவுல ஈறு கூரா முக்கோணமா நிக்கும், அது உருண்டையா வீங்கி பளபளன்னு இருக்கா, தொட்டா ரத்தம் வருதா, ஈறு எறங்கி பல்லு நீளமா தெரியுதா, முன்னாடி இல்லாத சந்து புதுசா வந்திருக்கா, சாப்பாடு ஒரே இடத்துல போய் மாட்டுதா, காலைல எந்திரிச்சா வாய்ல இரும்பு மாதிரி ஒரு ருசி, பல் தேய்ச்ச அரை மணி நேரத்துலயே திரும்ப வாய் நாத்தம், ஈறை அழுத்தினா சீழ், கடிக்கும்போது பல்லு முன்ன மாதிரி பொருந்தாம இருக்கறது, இதுல எது இருந்தாலும் போய் காட்டணும். ஈறோட நிறத்தை மட்டும் வெச்சு முடிவு பண்ணாதீங்க, நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு ஈறு இயற்கையாவே கருப்பா இருக்கும், அது நோய் இல்ல, வீக்கத்தையும் ரத்தத்தையும் தான் பாக்கணும்.

சிகரெட் பிடிக்கறவங்களுக்கு தனியா ஒரு எச்சரிக்கை. புகை ஈறுல இருக்கற ரத்தக்குழாயை சுருக்கிடும், அதனால உள்ள எலும்பு கரைஞ்சுட்டு இருந்தாலும் வெளிய ரத்தம் வராது, ஈறு பாக்க கெட்டியா நல்லா இருக்கற மாதிரியே தெரியும். ரத்தம் வரலையேன்னு நம்பாதீங்க, பாக்கெட் அளந்து பாத்தாதான் உண்மை தெரியும். சிகரெட்டை விட்ட புதுசுல ரத்தம் முன்னைவிட அதிகமா வரலாம், அய்யோ விட்டதாலதான் கெட்டுப்போச்சுன்னு திரும்ப பிடிச்சுடாதீங்க, மறைஞ்சிருந்தது வெளிய தெரியுது, அவ்ளோதான்.

சுகர் இருந்தா இன்னும் கவனம். சுகர் கட்டுப்பாட்டுல இல்லன்னா ஈறு நோய் வேகமா போகும், ஈறுல அழற்சி இருந்தா சுகரை கட்டுப்படுத்தறதும் கஷ்டம், ரெண்டும் ஒண்ணை ஒண்ணு வளத்து விடும். ஈறுக்கு சரியா வைத்தியம் பண்ணா மூணு நாலு மாசத்துல எச்பிஏ1சி, அதாவது கடைசி ரெண்டு மூணு மாசத்து சுகரோட சராசரியை காட்டற அளவு, சராசரியா 0.43 புள்ளி குறையுதுன்னு, பல ஆய்வுகளை சேத்து அலசற காக்ரேன் அமைப்போட 2022 தொகுப்பு சொல்லுது. சின்ன எண்ணா தெரியும், ஆனா சுகர் டாக்டர்கிட்ட கேட்டு பாருங்க, அவ்ளோ குறைக்கறதுக்கு எவ்ளோ பாடுபடணும்னு சொல்லுவாங்க. கர்ப்பமா இருக்கறவங்களுக்கு ஹார்மோன் மாத்தத்தால கொஞ்சூண்டு பிளேக்குக்கே ஈறு பொங்கி ரத்தம் வரும், பயந்து பிரஷ்ஷை விட்டுடாதீங்க, கிளீனிங் கர்ப்ப காலத்துலயும் பண்ணலாம், நடு மூணு மாசம் உக்காந்து படுக்க வசதியா இருக்கும். அப்பறம் சில மாத்திரைங்க ஈறை தடிச்சு வளர வைக்கும், பிரஷருக்கு கொடுக்கற அம்லோடிபின், நிஃபெடிபின், வலிப்புக்கு கொடுக்கற ஃபெனிடாயின், உறுப்பு மாற்று செஞ்சவங்க சாப்பிடற சைக்ளோஸ்போரின், இதுங்கதான் முக்கியம். நீங்களா நிறுத்திடாதீங்க, ரெண்டு டாக்டர்கிட்டயும் சொல்லுங்க, மாத்த முடியுமான்னு அவங்க பாப்பாங்க.

வீட்டுல செய்ய வேண்டியது

ஈறு வைத்தியத்துல பாதிக்கு மேல வீட்டு வாஷ்பேசின் முன்னாடிதான் நடக்குது. இது என் சொந்த கருத்துன்னு நெனக்காதீங்க, ஐரோப்பிய பெரியோடான்டாலஜி (ஈறு வைத்தியத் துறை) கூட்டமைப்பு 2020ல வெளியிட்ட சிகிச்சை வழிகாட்டியிலயே மொதல் படி இதுதான், நோயாளி வீட்டுல சுத்தம் பண்ண கத்துக்கறதும் சிகரெட்டு சுகர் மாதிரி காரணங்களை சரி பண்றதும். டென்டிஸ்ட் மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஒரு மணி நேரம் பாப்பாங்க, மீதி 89 நாளும் நம்ம கைலதான் இருக்கு.

பிரஷ் சாஃப்ட்டா இருக்கணும், தலை சின்னதா இருக்கணும். மூணு மாசத்துக்கு ஒண்ணு மாத்துங்க, நார் விரிஞ்சு போச்சுன்னா அதுக்கு முன்னாடியே மாத்துங்க. பேஸ்ட் ஃப்ளோரைடு இருக்கறதா எதுவா இருந்தாலும் சரி, விளம்பரத்தை பாத்து மயங்க வேண்டாம். பிரஷ்ஷை பேனா பிடிக்கற மாதிரி பிடிங்க, கையை மடக்கி முஷ்டியா பிடிச்சா தானா அழுத்தம் கூடிடும். நாரை பல்லும் ஈறும் சேர்ற கோட்டுல 45 டிகிரி சாய்ச்சு வைங்க, பாதி நார் பல்லு மேல பாதி நார் ஈறு மேல. அப்பறம் இழுத்து இழுத்து தேய்க்காம அதே இடத்துல சின்னதா அதிர விடுங்க, நாரோட நுனி அந்த பள்ளத்துக்குள்ள கொஞ்சம் போய் பிளேக்கை கலைக்கும். ரெண்டு பல்லுக்கு பத்து தடவை, அப்பறம் அடுத்த ரெண்டு பல்லு. சார்லஸ் பாஸ் அப்படின்னு ஒரு அமெரிக்க டாக்டர் பேர்ல பாஸ் முறைன்னு இதை சொல்லுவாங்க. முன்பல்லுக்கு உள்பக்கம் பிரஷ்ஷை செங்குத்தா நிறுத்தி மேலயும் கீழயும் கொண்டு வாங்க, நான் கோட்டை விட்ட இடம் இதுதான். கடைசி கடைவாய்ப்பல்லுக்கு பின்னாடி பக்கம் ஒண்ணு இருக்கு, அதை நிறைய பேர் வாழ்நாள்லயே தொட்டிருக்க மாட்டாங்க, வாயை பாதி மூடிட்டு பிரஷ்ஷை கொண்டு போனா கன்னம் தளர்ந்து இடம் கிடைக்கும்.

காலைல ஒரு தடவை, ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை, ரெண்டு ரெண்டு நிமிஷம். ஒண்ணைத்தான் செய்ய முடியும்னா ராத்திரியை விடாதீங்க, தூங்கும்போது எச்சில் குறைஞ்சிடும், கிருமிக்கு அது கொண்டாட்டம். எலக்ட்ரிக் பிரஷ் நல்லதான்னு கேப்பாங்க, நல்லதுதான், சாதா பிரஷ்ஷை விட மூணு மாசத்துக்கு மேல பயன்படுத்தினா பிளேக் 21 சதவீதமும் ஈறு அழற்சி 11 சதவீதமும் கூடுதலா குறையுதுன்னு 2014 காக்ரேன் தொகுப்புல இருக்கு. கை நடுக்கம் இருக்கறவங்க, மூட்டு வலி இருக்கறவங்களுக்கு கண்டிப்பா சொல்லுவேன். ஆனா சாதா பிரஷ்ஷை சரியா பிடிக்கத் தெரிஞ்சவங்களுக்கு அதுவே போதும்.

இப்போ முக்கியமான இடத்துக்கு வரேன். பிரஷ் என்னதான் பண்ணாலும் ரெண்டு பல்லுக்கு நடுவுல அது போகாது, ஈறு நோய் பெரும்பாலும் ஆரம்பிக்கறதே அந்த இடுக்குலதான். அதுக்கு இன்டர்டென்டல் பிரஷ்ஷுன்னு ஒண்ணு இருக்கு, பாட்டில் கழுவற பிரஷ்ஷை குட்டியாக்கின மாதிரி, நடுவுல மெல்லிசா கம்பி. இது பல சைஸ்ல வரும், ஒரே வாய்ல ரெண்டு மூணு சைஸ் தேவைப்படும், மொதல் தடவை டென்டிஸ்ட்கிட்டயே அளவு பாத்து கேட்டுக்கறது நல்லது. கம்பி ஈறை இடிக்காம உள்ள போகணும், நார் மட்டும் ரெண்டு பக்கமும் உரசணும், லூசா போச்சுன்னா சைஸ் பத்தாது, திணிக்க வேண்டியிருந்தா சைஸ் பெரிசு. பேஸ்ட் வேண்டாம், லேசா நனைச்சு நேரா உள்ள விட்டு ரெண்டு மூணு தடவை முன்னயும் பின்னயும் இழுத்தா போதும், கழுவிட்டு அடுத்த இடுக்கு. கம்பி வளைஞ்சா தூக்கி போட்டுடுங்க. சந்தே இல்லாம பல்லு நெருக்கமா இருக்கற இடத்துல மட்டும் ஃப்ளாஸ் நூல், அதை வெட்டற மாதிரி கீழ எறக்காம ஒரு பல்லை வளைச்சு பிடிச்சு ஈறுக்கு கொஞ்சம் அடியில வரைக்கும் கொண்டு போய் மேல இழுக்கணும், அப்பறம் பக்கத்து பல்லுக்கும் அதே மாதிரி.

மொதல் வாரம் ரத்தம் வரும். நல்லாவே வரும், கம்பி பிரஷ் சிவப்பாத்தான் வெளிய வரும், இங்கதான் முக்காவாசி பேர் பயந்து நிறுத்தறாங்க. நிறுத்தாதீங்க. ரத்தம் வர்ற இடம்தான் சுத்தம் பத்தாத இடம், அங்க கொஞ்சம் கூடுதலா, மென்மையா, தினமும் போகணும். பத்து பதினஞ்சு நாள்ல ரத்தம் குறையறதை உங்க கண்ணாலயே பாப்பீங்க. குறைஞ்சா சந்தோஷம், அப்பவும் ஒரு தடவை காட்டிடுங்க. ரெண்டு வாரம் ஒழுங்கா பண்ணியும் குறையவே இல்லன்னா உள்ள காரை இருக்கு, அது வீட்டு வேலை இல்ல.

சரியா தேய்க்கறோமான்னு சந்தேகம் இருந்தா பிளேக்கை கலர் காட்டற மாத்திரை கிடைக்கும், மென்னு கொப்பளிச்சா பிளேக் இருக்கற இடமெல்லாம் கலர் ஒட்டி நிக்கும், பல் தேய்ச்ச பிறகு ஒரு தடவை போட்டு பாருங்க, எங்க விடறோம்னு பட்டுனு தெரிஞ்சிடும்.

மவுத்வாஷ் விஷயத்துல நிறைய பேர் ஏமாறறாங்க. குளோர்ஹெக்சிடின் இருக்கற மவுத்வாஷ் நல்ல மருந்துதான், ஈறு புண்ணா இருந்து பிரஷ் பண்ண முடியாதப்ப, இல்ல ஆபரேஷன் முடிஞ்சப்ப, ரெண்டு வாரம் போல டாக்டர் சொல்லி எடுத்துக்கலாம். அதையே மாசக்கணக்கா ஊத்தினா பல்லு பழுப்பா கறை பிடிக்கும், நாக்கு ருசி மாறிடும், காரையும் கூடும். பேஸ்ட்டுல இருக்கற நுரை வர்ற பொருள் அதோட வேலையை கெடுத்துடும், அதனால பல் தேய்ச்சு அரை மணி நேரம் கழிச்சுதான் அதை எடுக்கணும். எப்படி பாத்தாலும் எந்த மவுத்வாஷும் ஆழமான பாக்கெட்டுக்குள்ள போகாது, மேல சொன்ன பசை கூட்டத்தை கரைக்கவும் செய்யாது. வெதுவெதுப்பான தண்ணியில அரை ஸ்பூன் உப்பு போட்டு கொப்பளிச்சா வீக்கத்துக்கு இதமா இருக்கும், அது வரைக்கும் சரி. சொரசொரப்பான பவுடரை விரல்ல வெச்சு அழுத்தி தேய்க்கறது மட்டும் வேண்டவே வேண்டாம், ஈறை கீழ தள்ளி வேரை தேய்ச்சு விட்டுடும்.

டென்டிஸ்ட்கிட்ட போனா

உங்க சுகர், பிரஷர், ரத்தம் உறையாம இருக்க சாப்பிடற மாத்திரை, எலும்பு தேய்மானத்துக்கு போடற ஊசி மாத்திரை, இதயத்துல செயற்கை வால்வு இருந்தா அது, கர்ப்பம், எல்லாத்தையும் உக்காந்த உடனே சொல்லிடுங்க. வால்வு வெச்சவங்களுக்கு கிளீனிங்குக்கு முன்னாடி ஆன்டிபயாட்டிக் தேவைப்படலாம். ரத்தம் உறையாம இருக்க சாப்பிடற அந்த மாத்திரையை பல்லுக்காகன்னு நீங்களா நிறுத்தவே கூடாது.

அப்பறம் நீங்க கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணுதான், "பாக்கெட் அளந்து பாப்பீங்களா?" மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிசான கம்பி ஒண்ணு இருக்கு, புரோப்னு பேரு, அதை ஒவ்வொரு பல்லை சுத்தி ஆறு இடத்துல லேசா எறக்கி அளப்பாங்க. 3 வரைக்கும் நல்லது, 4ம் 5ம் கவனிக்க வேண்டியது, 6ம் அதுக்கு மேலயும் ஆழமான பாக்கெட். எந்த இடத்துல ரத்தம் வருதுன்னும் குறிப்பாங்க. கூடவே எக்ஸ்ரே, எலும்பு எவ்ளோ எறங்கியிருக்குன்னு பாக்க. இந்த ரெண்டும் இல்லாம கண்ணால பாத்து கிளீனிங் மட்டும் பண்ணி அனுப்பினா பல்லு பளிச்சுன்னு ஆகும், ஈறுக்கு அடியில இருக்கறது அங்கேயே இருக்கும். எனக்கு நடுவுல ரெண்டு தடவை அப்படித்தான் நடந்துச்சு, ரெண்டு தடவையும் சுத்தமாயிடுச்சுன்னு நிம்மதியா வீட்டுக்கு வந்தேன். 2018ல இருந்து இந்த நோயை 1ல இருந்து 4 வரைக்கும் நிலையாவும், எவ்ளோ வேகமா போகுதுங்கறதுக்கு ஏ, பி, சி அப்படின்னு தரமாவும் பிரிக்கறாங்க, உங்களோடது எதுன்னு கேட்டு எழுதி வெச்சுக்கோங்க.

ஜிஞ்சிவைட்டிஸ் மட்டும்னா ஸ்கேலிங் போதும், தண்ணி பீச்சிட்டே அதிர்ற ஒரு முனையை வெச்சு காரையை உடைச்சு எடுப்பாங்க, கூச்சமா இருக்கும், பெரிய வலி இருக்காது. பாக்கெட் இருந்தா டீப் கிளீனிங், மரத்துப்போற ஊசி போட்டு ஈறுக்கு அடியில வேர் மேல ஒட்டியிருக்கற காரையை எடுப்பாங்க, வாயை ரெண்டா நாலா பிரிச்சு வேற வேற நாள்லயும் பண்ணலாம். ஊசி போட்ட பிறகு வலி தெரியல, அன்னிக்கு ராத்திரி வலி மாத்திரை ஒண்ணு போட்டேன், ரெண்டு மூணு நாள் ஈறு நோவா இருந்துச்சு, அப்பறம் பல் கூச்சம்தான் சில வாரம் இருந்துச்சு, அதுக்கு கூச்சத்துக்குன்னு இருக்கற பேஸ்ட் உதவுச்சு.

"கிளீனிங் பண்ணா பல்லு ஆடும், சந்து வந்துடும்" அப்படின்னு ஒரு பேச்சு இருக்கே, அது எங்க இருந்து வருதுன்னு சொல்றேன். பல வருஷ காரை பல்லுங்களை ஒண்ணோட ஒண்ணு சேத்து சிமென்ட் மாதிரி பிடிச்சிருக்கும், அதை எடுத்ததும் ஏற்கனவே எலும்பு போன பல்லு அசையறது தெரியுது. வீங்கின ஈறு வீக்கம் வத்தி ஒட்டும்போது அதுவரைக்கும் மறைஞ்சிருந்த சந்து வெளிய தெரியுது. அந்த சந்துல முன்னாடி இருந்தது காரையும் வீக்கமும்தான். ஈறு ஒட்டினதும் கொஞ்ச வாரத்துல ஆட்டம் நிறைய பேருக்கு குறையும், எனக்கு குறைஞ்சுது. என் முன்பல் நடுவுல கருப்பா முக்கோணமா சந்து தெரியுது, சிரிக்கும்போது மொதல்ல கஷ்டமாத்தான் இருந்துச்சு, ஆனா அந்த சந்துலதான் இப்போ கம்பி பிரஷ் சுலபமா போகுது.

ஆன்டிபயாட்டிக் மாத்திரை மட்டும் சாப்பிட்டா சரியாகுமான்னு கேக்கறவங்களுக்கு, ஆகாது. கிருமி பசைக்குள்ள பத்திரமா இருக்கும்போது மருந்து அதுக்குள்ள போறது கஷ்டம், காரை அங்கேயே இருந்தா நாலு நாள்ல பழைய கூட்டம் திரும்ப சேந்துடும். வேகமா பரவற வகையில, சின்ன வயசுல வர்றதுல, டாக்டர் டீப் கிளீனிங்கோட சேத்து அமாக்சிசிலினும் மெட்ரோனிடசோலும் கொடுக்கலாம், அது அவங்க முடிவு. மெட்ரோனிடசோல் சாப்பிடறப்ப மது கூடாது. மெடிக்கல் ஷாப்ல நீங்களா வாங்கி ரெண்டு நாள் போட்டுட்டு விடறது ரொம்ப தப்பு.

மூணு மாசம் கழிச்சு திரும்ப போகணும், இதை நிறைய பேர் விட்டுடறாங்க. அப்போ மறுபடி பாக்கெட் அளப்பாங்க, நிறைய இடம் 3க்கோ 4க்கோ வந்திருக்கும், 6லயோ அதுக்கு மேலயோ நிக்கற இடம் இருந்தா திரும்ப உள்ள சுத்தம், இல்லன்னா ஈறை சின்னதா திறந்து கண்ணால பாத்து சுத்தம் பண்ற ஃப்ளாப் சர்ஜரி. எலும்பு குழி மாதிரி கரைஞ்சிருக்கற சில இடத்துல எலும்புத் தூள் வெச்சு கொஞ்சம் திரும்ப வளர வைக்கவும் முடியும், பரவலா தட்டையா எறங்கின எலும்புக்கு அது உதவாது. இந்த கட்டத்துக்கு பெரியோடான்டிஸ்ட், அதாவது ஈறுக்குன்னே படிச்ச ஸ்பெஷலிஸ்ட்கிட்ட போறது நல்லது. ஆடற பல்லை உடனே பிடுங்கிட்டு இம்ப்ளான்ட் (எலும்புல பதிக்கற செயற்கைப் பல்) வைக்கலாம்னு யாராவது சொன்னா, அதுக்கு முன்னாடி ஈறு வைத்தியம் முடிச்சு ரெண்டு மூணு மாசம் பாத்துட்டு முடிவு பண்ணலாமான்னு கேளுங்க. இம்ப்ளான்ட்டை சுத்தியும் இதே மாதிரி எலும்பு கரையற நோய் வரும், ஈறு நோய் இருந்தவங்களுக்கு அது வர வாய்ப்பு அதிகம்.

காத்திருக்கக் கூடாத சில நேரமும் இருக்கு. ஈறுல கட்டி வந்து காய்ச்சல் அடிச்சா அன்னிக்கே போகணும். தாடைக்கு அடியிலயோ கழுத்துலயோ வீங்கி முழுங்க முடியல, மூச்சு விட கஷ்டம், வாய் திறக்க முடியலன்னா பல் கிளினிக்கை தேடாம நேரா ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு போயிடுங்க. ஈறு நுனி திடீர்னு அரிச்ச மாதிரி குழி விழுந்து கடுமையா வலிச்சு வாய் அழுகின நாத்தம் அடிச்சா அது வேற வகை, அதுக்கும் சீக்கிரம் போகணும். வாய் சுத்தமா இருந்தும் ஈறுல தானா ரத்தம் கசியுது, உடம்புல அடிபடாமலே அங்கங்க நீலமா கன்னிப்போகுது, எப்பவும் சோர்வுன்னா ரத்தப் பரிசோதனை பண்ணி பாக்கணும், பிளேட்லெட் குறைவு, ரத்தப் புற்றுநோய் மாதிரி விஷயங்களும் சில நேரம் மொதல்ல ஈறுலதான் தெரியும்.

எல்லாம் முடிஞ்ச பிறகும் இது சுகர் பிரஷர் மாதிரிதான், ஒரு தடவை வந்தவங்களுக்கு திரும்ப வர்ற சுபாவம் இருக்கு. மொதல் வருஷம் மூணு மாசத்துக்கு ஒரு தடவை, நல்லா இருந்தா அப்பறம் நாலு மாசம் ஆறு மாசம்னு டாக்டர் தள்ளி கொடுப்பாங்க. ஒவ்வொரு தடவையும் அந்த பாக்கெட் அளவு எழுதின தாளை போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, போன தடவையோட ஒப்பிட்டு பாருங்க, வேற ஊருக்கோ வேற டாக்டருக்கோ மாறினாலும் அது கைல இருக்கும். என் கீழ் முன்பல் நாலும் மொதல் தாள்ல 6, 7, 7, 6னு இருந்துச்சு, போன மாசம் 3, 4, 3, 3. ரத்தம் ஒரே ஒரு இடத்துலதான் வந்துச்சு, அந்த 4 இருக்கற இடுக்குல. அதுக்கு கம்பி பிரஷ்ஷை ஒரு சைஸ் பெரிசா மாத்த சொன்னாங்க, மாத்தியாச்சு.